வேலைக்குச் சேர்ந்த பிறகும் 5,000 மீட்டர்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பல்கலைக்கழகத்தில் 5,000 மீட்டரை 17 நிமிடத்தில் ஓடினேன். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது; ஓட்டம் அரைகுறையாகிவிட்டது. இப்போது செவ்வாய் மாலைகளில் ஒரு பயிற்சிக் குழுவோடு ஓடத் தொடங்கியிருக்கிறேன். 16:30-க்குள் ஓட ஆசை. காலை 9 முதல் மாலை 6 வரை வேலை. வாரத்துக்கு எத்தனை நாள், எவ்வளவு ஓடலாம்?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: ஆறு நாள் ஓடலாம். வேகமாக ஓடுவது அதில் இரண்டே நாள். அந்த இரண்டு நாளுக்குத்தான் குழு வேண்டும். மீதி நாள்களில் பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் போதும். உங்களுக்கு அது கிலோமீட்டருக்கு 4:50 முதல் 5:20 வரை இருக்கும். மாணவராக இருந்தபோது மதியம் ஒரு மணி நேரம் படுத்து எழ முடிந்தது. இப்போது நாள் முழுக்க வேலை, அதோடு எல்.ஆர்.டி. ரயில் நெரிசல். உடம்புக்கு இதுவும் பளுதான். வேலைக்குப் போன பிறகு பல நல்ல ஓட்டக்காரர்கள் காணாமல் போவதற்குச் சோம்பலைக் காரணம் சொல்வது நியாயமில்லை. பழைய அளவை முதல் வாரமே தொட்டுவிட்டு, ஆறாவது வாரம் முழங்கால் கீழ் எலும்பில் வலியோடு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

முதல் 4 வாரம், வாரத்துக்கு மொத்தம் 35 முதல் 40 கிலோமீட்டர். குழு 1,000 மீட்டர் ஓட்டங்களை ஓடும் மாலையில் நீங்கள் 1 நிமிடம் வேகம், 1 நிமிடம் மெது என்று 10 முறை ஓடிவிட்டு முடித்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு வாரத்துக்கு 5 கிலோமீட்டர் என்று ஏற்றினால் மூன்று மாத முடிவில் 60-ஐத் தொடலாம். நான்கு வாரத்துக்கு ஒருமுறை அளவைக் கால்பங்கு குறைத்துவிடுங்கள்.

நான்காவது வார இறுதியில் 3,000 மீட்டரை முழு முயற்சியோடு ஓடிப் பாருங்கள். 10:15 வந்தால் இன்றைக்கு உங்கள் 5,000 மீட்டர் ஏறத்தாழ 17:45. பயிற்சி வேகத்தை இதிலிருந்துதான் கணக்கிட வேண்டும். 16:30 என்பது 400 மீட்டர் சுற்றுக்கு 79 வினாடி. இன்றைய உங்கள் தரம் சுற்றுக்கு 85 வினாடி. ஆசைப்பட்ட 79-ல் ஓடினால் மூன்று ஓட்டத்தில் மூச்சு முட்டிவிடும், மீதியெல்லாம் தள்ளாட்டம். செவ்வாய்க்கிழமை 20 நிமிடம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்குங்கள், 80 மீட்டர் வேக ஓட்டம் நான்கு, பிறகு 1,000 மீட்டர் ஆறு முறை, ஒவ்வொன்றும் 3:33, இடையில் 2:30 நிமிட மெதுவோட்டம். கடைசி ஓட்டம் முதல் ஓட்டத்தின் நேரத்திலேயே வந்தால் வேகம் சரி. ஐந்தாவது ஓட்டம் 8 வினாடி பின்தங்கினால் ஆறாவதை விட்டுவிடுங்கள்.

வியாழன் காலை 6 நிமிட ஓட்டம் ஐந்து, இடையில் 1 நிமிட ஓய்வு. குளிர் நாட்டு அட்டவணைகள் உங்கள் தரத்துக்குக் கிலோமீட்டருக்கு 3:48 என்று சொல்லும். கோலாலம்பூரில் 3:55 முதல் 4:00 வரை வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் வெப்பம் 24, 25 பாகைதான், ஆனால் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுகிறது. வியர்வை ஆவியாகாமல் சொட்டிவிடுவதால் உடம்பு குளிர்வதில்லை. இரத்தத்தில் ஒரு பங்கு தோலுக்குத் திரும்ப, தசைக்குப் போவது குறைகிறது, இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. கடிகாரத்தில் வேகம் குறைந்தாலும் உழைப்பு குறையவில்லை.

ஞாயிறு 80 முதல் 90 நிமிடம். புக்கிட் அமான் கார் நிறுத்துமிடத்தில் விடியுமுன்பே ஓட்டக்காரர்கள் கூடிவிடுவார்கள்; அங்கிருந்து புக்கிட் துங்கு மேடுகளுக்குப் போய் வரலாம். ஏற்றத்தில் வேகத்தை விட்டுக்கொடுங்கள். மேடு ஏறுவதே பயிற்சி. வெள்ளி முழு ஓய்வு.

ஒரு எச்சரிக்கை: ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை இடிமழை வழக்கம். திறந்த திடலில் இடிச்சத்தம் கேட்டால் உடனே கூரைக்குள் போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப இறங்கலாம். குழுத் தலைவர் "மழை விட்டாச்சு, வாங்க" என்றாலும் போகாதீர்கள்.

கேள்வி: அதே உழைப்பைத்தான் கொடுக்கிறேன். ஆனால் அரங்கத்தில் ஓடும்போது ஒவ்வொரு சுற்றும் 4, 5 வினாடி கூடுதலாக வருகிறது. ஏன்?
– வாசகர், செராஸ்

பதில்: எந்தத் தடத்தில் ஓடுகிறீர்கள் என்று பாருங்கள். முதல் தடத்தில் ஒரு சுற்று 400 மீட்டர். வெளியே ஒவ்வொரு தடத்துக்கும் ஏறக்குறைய 7.7 மீட்டர் கூடும். நான்காவது தடத்தில் ஒரு சுற்று 423 மீட்டர், எட்டாவதில் 453. பொதுமக்கள் நடக்கிறார்கள் என்று குழு நான்காம் தடத்துக்கு ஒதுங்கினால், 82 வினாடி வேகத்தில் ஓடுபவருக்கு 4.7 வினாடி அங்கேயே போய்விடும். கைக்கடிகாரத்தின் செயற்கைக்கோள் அளவையும் வளைவுகளில் நம்ப முடியாது. நான்காம் தடத்திலேயே ஓட வேண்டியிருந்தால் 400 மீட்டரை அளந்து தடத்தோரம் ஒரு கூம்பு வைத்துவிடுங்கள்.

கேள்வி: பினாங்கில் ஒரு குழுவோடு ஓடுகிறேன். பத்துப் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் ஆண்கள். என் 5 கிலோமீட்டர் 21 நிமிடம். முன்னால் ஓடுபவர்கள் 17 நிமிடக்காரர்கள். ஒவ்வொரு வாரமும் மூன்றாவது ஓட்டத்தோடு முடிந்துபோகிறேன். கொஞ்ச நாளாக மாடிப்படி ஏறினாலே களைப்பு. குழுவை விட்டுவிடலாமா?
– வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: விட வேண்டாம். குழு ஓடும் முறையை மாற்றச் சொல்லுங்கள். உங்கள் 1,000 மீட்டர் வேகம் 4:10. குழுவின் வாலைப் பிடித்துக்கொண்டு முதல் ஓட்டத்தை 3:50-ல் ஓடினால், இடைவேளையில் தீராத அளவுக்குத் தசை சோர்ந்துவிடும். அடுத்த ஓட்டம் அந்தச் சோர்வின் மேல்தான் தொடங்குகிறது. மூன்றாவதில் நிற்பது பலவீனம் இல்லை, கணக்குப்படி நடப்பதுதான்.

வெவ்வேறு தரத்தில் ஆள்கள் இருக்கும் குழுவுக்குத் தூரத்தைவிட நேரமே நல்ல அளவு. 4 நிமிட ஓட்டம் ஐந்து, இடையில் 2 நிமிடம். எல்லாரும் ஒரே இடத்தில் கிளம்புவார்கள். விசில் அடித்ததும் அவரவர் இருந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். 17 நிமிடக்காரர் அதற்குள் ஏறக்குறைய 1,175 மீட்டர் போயிருப்பார், நீங்கள் 950. இடைவேளையில் முன்னால் போனவர் மெதுவாகத் திரும்பி ஓடி வந்து உங்களோடு சேர்ந்துகொள்வார், அடுத்த ஓட்டத்தை மறுபடி ஒன்றாகத் தொடங்கலாம். கர்ப்பால் சிங் டிரைவ் கடலோரப் பாதை இதற்கு ஏற்றது. அரங்கத் தடத்தில் எதிர்த்திசையில் திரும்பி வராதீர்கள், மோதிக்கொள்வீர்கள். வெளிப்புறப் புல்லில் வாருங்கள்.

இன்னொரு வழி: உங்கள் தரத்தில் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு மூவரும் 400 மீட்டருக்கு ஒருவராக முன்னால் ஓடுங்கள். முன்னே போகிறவர்தான் வேகத்தைக் காக்க வேண்டியவர், ஓட்டம் முடியும்வரை யாரும் அவரைத் தாண்டக் கூடாது. இந்த ஒரு கட்டுப்பாடு இல்லாத குழுவில் செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு பந்தயம் நடக்கும், பந்தய நாளில் யார் காலிலும் ஒன்றும் மிச்சம் இருக்காது. குழுவைத் தேர்ந்தெடுக்கும்போது யார் வேகமாக ஓடுகிறார் என்று பார்ப்பதைவிட, "இன்றைக்கு மெதுவாகத்தான் ஓடப்போகிறேன்" என்று சொன்னால் அதை மதிக்கிறார்களா என்று பாருங்கள்.

மாடிப்படிக் களைப்பு வேறு விஷயம். முழு இரத்தப் பரிசோதனையோடு, உடம்பில் சேமித்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் உடம்பில் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம். மாதவிடாய், வியர்வை, தொடர்ந்த ஓட்டம் மூன்றும் சேரும்போது பெண்களுக்கு இது அடிக்கடி வருகிறது. ஓட்டக்காரர்களுக்கு ஃபெரிட்டின் லிட்டருக்கு 35 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் மருத்துவரிடம் பேச வேண்டும். பரிசோதிக்காமல் இரும்பு மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள், கூடினாலும் கெடுதல்தான். சாப்பாட்டோடு தே தாரேக் குடிக்கும் பழக்கத்தை மட்டும் இன்றைக்கே மாற்றலாம். தேநீர் இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். முருங்கைக்கீரை, பருப்பு, கடலை சாப்பிடும்போது எலுமிச்சையோ கொய்யாவோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகள் வேலைக்குப் போகிறாள். வாரத்தில் நான்கு நாள் காலை 5:30-க்கே ஓடக் கிளம்பிவிடுகிறாள். ஒன்றும் சாப்பிடாமல் போகிறாள். இப்படி ஓடினால் கர்ப்பப்பைக்குக் கெடுதல் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். என்ன செய்ய?
– ஒரு தாயார், செந்தூல்

பதில்: அம்மா, ஓடுவதால் கர்ப்பப்பை இறங்காது, பாதிக்கப்படவும் செய்யாது. இந்தப் பேச்சைக் கேட்டு எத்தனையோ பிள்ளைகள் காலணியைக் கழற்றிவிட்டார்கள் என்பது எங்களுக்கு உண்மையாகவே வருத்தம். நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. ஓடும் அளவுக்குச் சாப்பிடாவிட்டால் மாதவிடாய் தள்ளிப்போகும், பிறகு நின்றுபோகும். மூன்று மாதம் வராவிட்டால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அது எலும்பு மெலியத் தொடங்கியிருப்பதற்கு முன்னறிவிப்பாக இருக்கலாம்.

கிளம்புமுன் ஒரு வாழைப்பழமும் அரைக் குவளை மைலோவும் போதும். திரும்பி வந்த ஒரு மணி நேரத்துக்குள் தோசை, சாம்பார், இரண்டு முட்டை, ஒரு குவளை பால் கொடுங்கள். முட்டையிலும் பாலிலும் மட்டுமே 20 கிராம் புரதம் கிடைத்துவிடும். புரட்டாசியில் முட்டை கூடாதென்றால் சோயாவில் செய்த தெம்பேயோ தௌஹூவோ பெரிய துண்டாக. கோலாலம்பூரில் சூரியன் உதிக்க ஏறக்குறைய 7 மணியோ அதற்கு மேலோ ஆகிவிடுகிறது, அதனால் 5:30 என்பது இருட்டுதான். தனியாகச் சாலையோரம் ஓடாமல் தித்திவங்சா ஏரிப் பூங்கா போல ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் குழுவோடு ஓடட்டும். ஒளி பிரதிபலிக்கும் மேலாடை வேண்டும், கைப்பேசியில் இருப்பிடம் உங்களுக்குத் தெரிய வேண்டும், காதில் பாட்டு வேண்டாம். இரவு 9:30-க்குப் படுக்க முடியாத நாளில் காலை ஓட்டத்தை மாலைக்கு மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: நீண்ட ஓட்டத்தில் எவ்வளவு தண்ணீர் குடிப்பது? கடையில் விற்கும் பானம்தான் வேண்டுமா?
– வாசகர், ஜெலுத்தோங்

பதில்: ஓடும் முன்பும் ஒரு மணி நேரம் ஓடிய பின்பும் உடையில்லாமல் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. இடையில் குடித்ததையும் கூட்டிக்கொள்ளுங்கள். முழுவதையும் ஓடும்போதே ஈடுகட்ட வேண்டியதில்லை, மணிக்கு 400 முதல் 800 மில்லி போதும். ஓட்டம் முடிந்து எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள், அது ஆபத்து. பானத்தை வீட்டிலேயே செய்யலாம்: ஒரு லிட்டர் தண்ணீர், 60 கிராம் சீனி, கால் தேக்கரண்டி உப்பு, பாதி எலுமிச்சை.

கேள்வி: முழங்காலுக்குக் கீழே உள்பக்க எலும்பில் வலி. ஓடலாமா?
– வாசகர், ஜோர்ஜ்டவுன்

பதில்: விரலால் எலும்பின் உள்விளிம்பைத் தடவிப் பாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்து, ஓடத் தொடங்கியதும் மெல்லத் தணிந்தால் பெரும்பாலும் எலும்பை ஒட்டிய திசுவின் அழற்சி. அளவைப் பாதியாகக் குறைத்து, மேடும் வேகமும் விட்டு, இரண்டு மூன்று வாரம் பார்க்கலாம். தினமும் கெண்டைக்கால் பயிற்சி செய்யுங்கள்: ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்தி இறக்குவது, 15 முறை, மூன்று சுற்று.

ஒரே புள்ளியில் விரல் பட்டால் துள்ளுகிற வலியா? ஓட ஓடக் கூடுகிறதா? இரவில் படுத்திருக்கும்போதும் வலிக்கிறதா? அப்படியானால் இன்றே நிறுத்துங்கள், எலும்பில் விரிசல் தொடங்கியிருக்கலாம். ஆரம்ப வாரங்களில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று திரும்ப ஓடித்தான் பலர் விரிசலை முறிவாக்கிக்கொள்கிறார்கள். எம்.ஆர்.ஐ. பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். வழக்கமாக 6 முதல் 8 வாரம் ஓட்டம் கூடாது. வலியில்லாவிட்டால் நீச்சலும் மிதிவண்டியும் சரி.

கேள்வி: படிப்பு முடிந்ததால் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான மாசும் (MASUM) போட்டிகள் இல்லை. இனி எங்கே போட்டியிடுவது?
– வாசகர், பங்சார்

பதில்: தடத்துக்கு உங்கள் மாநில ஓட்டப்பந்தயச் சங்கத்தை அணுகுங்கள். திறந்த போட்டிகளுக்கு எந்தக் குழுவின் பெயரில், எப்போதுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று பருவம் தொடங்குமுன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாலையில் 10 கிலோமீட்டருக்குக் கோலாலம்பூர் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் நெட்டோட்டமும் பினாங்குப் பால நெட்டோட்டமும் உண்டு. சாலைப் பாதையைக் குறைந்துவிடாமல் இருக்க 0.1 விழுக்காடு கூட்டியே அளப்பார்கள். வளைவுகளில் நீங்கள் அகலமாகவும் ஓடுவீர்கள். கடிகாரம் 10.1 காட்டினால் ஏற்பாட்டாளரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பாலத்தில் நடுப்பகுதிவரை மெல்லிய ஏற்றமும் பக்கக் காற்றும் இருக்கும், அங்கே நேரத்தைத் துரத்தாமல் கூட்டத்துக்குள் ஒதுங்கி ஓடுங்கள்.

ஆனாலும் தடத்தை விட்டுவிடாதீர்கள். 1985-ல் ஜகார்த்தாவில் ஆசிய 800 மீட்டர் தங்கம் வென்ற பி. ராஜ்குமாரும், 1990-களில் 5,000, 10,000 மீட்டர்களில் நாட்டின் முன்னணியில் இருந்த எம். ராமச்சந்திரனும் தடத்தில் வளர்ந்தவர்கள். முடித்தவர்க்கெல்லாம் பதக்கம் தரும் ஓட்டம் மகிழ்ச்சிதான், ஆனால் உங்கள் தரத்தைச் சரியாகக் காட்டுவது 5,000 மீட்டரின் பன்னிரண்டரைச் சுற்று. ஆறு மாதத்துக்கு நான்கு போட்டி போதும், அவற்றில் குறைந்தது இரண்டு தடத்தில் இருக்கட்டும்.

காலணியைக் கவனியுங்கள். உலகத் தடகள விதிப்படி 2024 நவம்பர் 1 முதல் தடப் போட்டிகளில் அடிப்பகுதி 20 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது; சாலையில் 40 வரை போகலாம். சாலைக்கு வாங்கிய தடித்த கார்பன் தகட்டுக் காலணியோடு 5,000 மீட்டரில் நின்றால் தகுதி நீக்கம் செய்யப்படலாம். ஆணிக் காலணி வாங்கினால் போட்டிக்கு ஆறு வாரம் முன்பே தொடங்கி, வாரம் ஒருமுறை, முதலில் 200 மீட்டர் ஓட்டங்களுக்கு மட்டும் போட்டுப் பழகுங்கள். குதிகால் தாழ்வாக இருப்பதால் கெண்டைக்காலும் குதிகால் நாணும் பழக நாளாகும்.