நுவரெலியாவில் வளர்க்கும் குதிரை குட்டி ஈன்றால் முதல் இரவில் எதைக் கவனிப்பது?

சுமார் 11 மாதச் சினைக்குப் பிறகு குதிரைகள் பெரும்பாலும் இரவில்தான் ஈனும். நுவரெலியாவில் அது குளிர் எலும்பைத் துளைக்கும் நேரம். லாயத்தில் காய்ந்த வைக்கோலைத் தடிப்பாகப் பரப்புங்கள். ஈரக் குட்டியைத் துணியால் துடைத்ததும் விலகி நில்லுங்கள், தாய் நக்கி மோந்து பழகட்டும். வேடிக்கை பார்க்க வரும் அயலவர்களை வாசலோடு நிறுத்துவதுதான் பெரும்பாடு!

குட்டி 1 மணி நேரத்துக்குள் எழ வேண்டும். 2 மணி நேரத்துக்குள் பால் குடிக்க வேண்டும். என்னைக் கேட்டால் சீம்பால்தான் முதல் கவலை. குதிரைக்குட்டி நோய் எதிர்ப்புப் பொருள் ஏறக்குறைய இல்லாமலே பிறக்கிறது. சீம்பாலிலிருந்து அதை உறிஞ்சும் திறனும் சுமார் 24 மணி நேரத்தில் அற்றுவிடும். தொப்புள்கொடி தானாக அறும், வெட்டாதீர்கள். நஞ்சுக்கொடி 3 மணி நேரத்தில் விழாவிட்டால், இழுக்காமல், விடியும்வரை காத்திராமல் மிருக வைத்தியரை அழையுங்கள்.