சுறுசுறுப்பு என்பதற்கு ஆங்கிலத்தில் இத்தனை சொற்களா? எதை எங்கே பயன்படுத்துவது?

ஆக்டிவ், பிரிஸ்க், நிம்பிள், அஜைல், ஹைபர்ஆக்டிவ் என்று எதைத் தேடினாலும் அகராதியில் சுறுசுறுப்பு என்றே போட்டிருக்கிறதே, என்னதான் வித்தியாசம் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை யாரைப் பற்றி, எதைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று கவனித்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

போன வருடம் பக்கத்து வீட்டு அக்கா மகனுக்குப் பள்ளி விண்ணப்பம் எழுதினார். பையன் எப்போதும் துறுதுறுவென்று இருப்பான். அதை 'ஹைபர்ஆக்டிவ்' என்று எழுதியிருந்தார். "அக்கா, இதை அடிச்சிடுங்க, பிள்ளைக்கு ஏதோ பிரச்சினைன்னு நினைச்சுப்பாங்க" என்றேன். அது அளவுக்கு மீறிய துடிப்பைச் சொல்வது. கவனம் நிலைக்காமை, மிகைத் துடிப்பு ஆகியவற்றைக் குறிக்கும் ஏடிஹெச்டி என்ற மருத்துவப் பெயரில் உள்ள ஹெச் அந்தச் சொல்தான். துறுதுறு பிள்ளைக்கு 'லைவ்லி' அழகாகப் பொருந்தும்.

உண்மையில் நம் இரட்டைக்கிளவிகளே இதற்கு நல்ல வழிகாட்டி. 'பிரிஸ்க்' என்றால் விறுவிறு. விறுவிறு நடை பிரிஸ்க் வாக். பேச முடியும், ஆனால் பாட முடியாது, அந்த அளவுக்கு மூச்சு வாங்கும் நடை. தீபாவளி நேரத்தில் துணிக்கடையில் வியாபாரம் விறுவிறுப்பாக நடந்தால் அதுவும் பிரிஸ்க்தான். இரண்டு மொழியும் இப்படி ஒரே இடத்தில் வந்து நிற்பது எனக்கு மிகவும் பிடிக்கும். பரபரவென்று நிலைகொள்ளாமல் இருப்பவர் 'ரெஸ்ட்லெஸ்'. அதைச் சுறுசுறுப்பில் சேர்க்காதீர்கள்.

என் ஆச்சிக்கு 80 தாண்டிவிட்டது. மல்லிகை கட்டும்போது பார்க்க வேண்டும். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, நாரை ஒரு சுற்று, ஒரு இழுப்பு, அவ்வளவுதான். கண் பூவில்கூட இருக்காது. அந்த விரல்கள் 'நிம்பிள்'. ஆச்சியோ 'ஸ்ப்ரை', அதாவது வயதாகியும் தளராதவர். 25 வயதுக்காரரை ஸ்ப்ரை என்று சொல்ல மாட்டார்கள்.

'அஜைல்' முழு உடம்புக்கும் உரியது. கபடியில் நாலு பேர் பிடியிலிருந்து வளைந்து நழுவி வருகிறாரே, அவர்தான் அஜைல். 2001இல் மென்பொருள் துறையினர் 17 பேர் அமெரிக்காவின் யூட்டாவில் கூடி, மென்பொருளை எப்படி உருவாக்க வேண்டும் என்று எழுதிய அறிக்கைக்கும் இந்தப் பெயரையே வைத்தார்கள். நிலைமை மாறினால் வேலையும் உடனே வளைந்து கொடுக்க வேண்டும் என்பது அதன் கருத்து.

அப்புறம், உழைப்பாளிக்கு 'இண்டஸ்ட்ரியஸ்'. 'இண்டஸ்ட்ரியல்' என்று எழுதினால் தொழில்துறை ஆகிவிடும்.

கடைசியாக, 'ஆக்டிவ்'. மனிதரைச் சொன்னால் நல்ல சொல்தான். மருத்துவ அறிக்கையில் 'ஆக்டிவ் டிபி' என்றிருந்தால், காசநோய் உடம்பில் உறங்கிக் கிடக்கவில்லை, இப்போது நோயாகவே இருக்கிறது என்று பொருள். அறிக்கையில் அப்படி எழுதியிருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.