சாராயத்துக்கும் தூக்க மருந்துக்கும் உள்ள வித்தியாசம் எலிக்குத் தெரியுமா?

தெரியும், ஆனால் நாம் கேட்கும் விதத்தைப் பொறுத்தது.

கூண்டில் இரண்டு நெம்புகோல்கள் இருக்கும். எத்தனால் (சாராயத்தில் போதை தரும் பொருள்) ஊசி போட்ட நாளில் இடது பக்கத்தை அழுத்தினால்தான் தீனி. வெறும் உப்புநீர் ஊசி என்றால் வலது. பல வாரம் பழக்கினால், தன் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை வைத்தே எலி சரியான பக்கம் போகும். வெளியே வேறு துப்பு கிடையாது.

அப்புறம் ஒரு நாள் பென்டோபார்பிட்டால், டயசெபாம் போன்ற தூக்க மருந்து ஒன்றைத் தகுந்த அளவில் கொடுத்துப் பார்ப்பார்கள். பெரும்பாலும் எலி சாராயப் பக்கத்தையே அழுத்தும். எத்தனாலும் இந்த இரண்டு மருந்துகளும் மூளையில் காபா-ஏ ஏற்பியின் (காபா என்ற அமைதிப்படுத்தும் வேதிப்பொருளை உணரும் புரதம்) வேலையைக் கூட்டி, நரம்புச் செல்களை அடக்குகின்றன.

சரி, அப்படியானால் எலிக்கு இரண்டும் ஒன்றா? அவசரப்பட வேண்டாம். இங்கே உப்புநீரா, மருந்தா என்பதுதான் கேள்வி. மருந்து சாராயத்துக்கு நெருக்கமாகத் தோன்றினால் போதும். எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த கட்டம். ஒரு பக்கம் எத்தனால், மறுபக்கம் பென்டோபார்பிட்டால் என்றே பழக்கினால், எலி அதையும் கற்றுக்கொள்கிறது. டொனால்ட் ஓவர்ட்டன் என்ற ஆய்வாளர் 1970-களில் இதைச் செய்து காட்டினார்.

எத்தனால் காபாவோடு நிற்பதில்லை. நரம்புச் செல்களைத் தூண்டும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளின் என்எம்டிஏ ஏற்பியையும் தடுக்கிறது. முக்கியமாக அந்த ஏற்பியையே அடைக்கும் டைசோசில்பின் என்ற மருந்தைக் கொடுத்தாலும், சாராயத்துக்குப் பழகிய எலி சாராயப் பக்கம் போவதுண்டு. பழக்கும்போது கொடுத்த எத்தனாலின் அளவு கூடக்கூட என்எம்டிஏ சாயலே ஓங்குகிறது.