ஹார்ன் பாஸா, சாதா பாஸ் பாக்ஸா?

கேள்வி: அண்ணே, தென்காசிப் பக்கம் மைக் செட் வச்சிருக்கேன், கல்யாணம், கோயில் கொடைனு ஓடுது. 18 இஞ்ச் சாதா பாஸ் பாக்ஸ் நாலு இருக்கு. இதை வித்துட்டு ஹார்ன் பாக்ஸ் ரெண்டு வாங்கு, பாதி ஆம்ப்லயே அடி பின்னிரும்னு கூட்டாளி சொல்றான். வாங்கலாமா?

பதில்: அவசரப்பட்டு வித்துராதீங்க தம்பி. கூட்டாளி சொன்னதுல பாதி நிஜம், ஆனா ரெண்டு பாக்ஸ்ங்கிற கணக்குதான் இடிக்குது.

சாதா பாக்ஸ்ல கோன், அதாவது ஸ்பீக்கர்ல முன்னும் பின்னும் ஆடுற கூம்பு, நேரா காத்தைத் தள்ளுது. காத்து ரொம்ப லேசு, கோனுக்குப் பிடிமானமே கிடைக்காது, அதனால 100 வாட்ஸ் குடுத்தா ரெண்டு மூணு வாட்ஸ்தான் சத்தமா வெளிய வரும், மிச்சமெல்லாம் கோனை ஆட்டுற காயில் சூடாகியே போயிரும். ஹார்ன்ல கோனுக்கு முன்னாடி குறுகலா ஒரு தொண்டை, அது கொஞ்சம் கொஞ்சமா விரிஞ்சு பெரிய வாயா முடியுது. வயக்காட்டுல தூரத்துல போறவரைக் கூப்பிட ரெண்டு கையையும் வாய்க்கிட்ட குவிப்போம்ல, அதே வேலைதான். நல்ல ஹார்ன்னா 100க்கு 20 வாட்ஸ் கூட சத்தமாகும். ஒரு தடவை மடிப்பில்லாத நேர் ஹார்ன் உள்ள டார்ச் அடிச்சுப் பார்த்தேன், பக்கத்து சாதா பாக்ஸ்ல கோன் விரல் அகலத்துக்கு முன்னும் பின்னும் ஆடுது, ஹார்ன்ல அதே சத்தத்துக்குக் கோன் ஆடுறதே கண்ணுக்குத் தெரியல. கோன் கம்மியா ஆடுறதாலதான் அந்த அடி அவ்வளவு சுத்தமா இருக்கு, எனக்கு ஹார்ன் மேல தீராத ஆசை வந்ததும் அன்னைக்குத்தான்.

ஆனா ஆழமான பாஸ்ல, 40 ஹெர்ட்ஸ்னு வைங்க, ஒரு அலையோட நீளமே எட்டரை மீட்டர். அதுக்கு முழு ஹார்ன் செஞ்சா வாய் மட்டும் 2.7 மீட்டர் விட்டம் வரும், தரையில வச்சா அந்தப் பரப்புல பாதி போதும், அப்பவும் ஒரு பாக்ஸ்ல அடங்காது. அதான் நாலு, ஆறுனு ஒட்டி அடுக்குறாங்க, எல்லா வாயும் சேர்ந்து ஒரே வாயா வேலை செய்யும். அமெரிக்காவுல ஸ்பீக்கர் செஞ்ச பால் கிளிப்ஷ் 1940கள்லயே வீட்டு மூலையில ஹார்னை வச்சு ரெண்டு சுவரையும் தரையையும் ஹார்னோட மிச்ச பாகமாக்கிட்டார், கொடைப் பந்தல்ல நமக்கு ஏது மூலை? வெறும் ரெண்டு ஹார்ன் வச்சா கிக் டிரம் நெஞ்சுல அடிக்கும், அதுக்குக் கீழ உள்ள ஆழமான பாஸ் காணாமப் போயிரும். ஹார்னால முடியுற எல்லைக்குக் கீழ போனா ஹார்னும் கோனுக்குப் பிடிமானம் குடுக்காது, அந்த ஆழமான சத்தத்தை வெட்டி விடுற ஹை பாஸ் ஃபில்டர் போடாம ஓட்டினா காயில் போச்சு.

இன்னொண்ணு, பாக்ஸ்ல அடங்கணும்னு உள்ளேயே வளைச்சு மடிச்ச ஹார்ன்ல சத்தம் உள்ளேயே ரெண்டு மீட்டர் சுத்தி வருதுன்னா கிட்டத்தட்ட 6 மில்லி செகண்ட் லேட். பாட்டு, பேச்சு வர்ற மேல் பாக்ஸான டாப்பையும் அவ்வளவு தாமதிக்க டிலே போட்டுத்தான் ஆகணும். சாதா பாக்ஸையும் ஹார்னையும் ஒரே பாஸ்ல கலந்து ஓட்டாதீங்க, ஒண்ணு முந்தி ஒண்ணு பிந்தி வந்து ஒண்ணோட சத்தத்தை ஒண்ணு தின்னுரும்.

கேள்வி: ஹார்ன் பாஸ் கிட்ட கேக்காது, தூரத்துலதான் கேக்கும்ங்கிறாங்களே?

பதில்: இல்லப்பா. திறந்த வெளியில தூரம் ரெட்டிப்பானா ரெண்டுமே 6 டெசிபல்தான் குறையும். ஹார்ன் கிட்டயும் சத்தம்தான், தூரத்துலயும் சத்தம்தான்.

நீங்க முதல்ல உங்க நாலு பாக்ஸையும் மேடைக்கு ரெண்டு பக்கமும் பிரிக்காம நடுவுல தரையோட ஒட்டி வைங்க. ஒரு பாக்ஸ் கூட இன்னொண்ணு ஒட்டினா 6 டெசிபல் ஏறும், நாலுக்கு 12. காசு செலவில்லாத வேலை, அடுத்த கொடையிலயே வச்சுட்டு பந்தல் கடைசிக்குப் போய் நின்னு கேளுங்க.