முதல் இரட்டைக்குழல் ரைஃபிள்: குழல், தோட்டா, ஸ்கோப் மூன்றையும் சேர்த்து வாங்குங்கள்

கேள்வி: பல வருடங்களாக போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் வைத்துக் காட்டுப்பன்றியும் மானும் வேட்டையாடி வருகிறேன். உரிமம் இருக்கிறது. இப்போது முதல்முறையாக ஓர் இரட்டைக்குழல் ரைஃபிள் வாங்கப் போகிறேன். என்றைக்காவது ஆப்பிரிக்காவுக்குப் போய்க் காட்டெருமை வேட்டையாடும் ஆசையும் உண்டு. “வாங்கினால் .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் வாங்கு, மற்றதெல்லாம் வீண்” என்கிறார் நண்பர். சரிதானா?

பதில்: காட்டெருமைக்குத் தேதி குறித்தாகிவிட்டது என்றால் நண்பர் சொல்வதில் நியாயம் உண்டு. “என்றைக்காவது” என்றால் இல்லை. .470 தோட்டா 500 கிரெய்ன் (சுமார் 32 கிராம்) குண்டை விநாடிக்குச் சுமார் 655 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது. அந்த உதையைத் தோள் தாங்க வேண்டும் என்பதற்காகவே ரைஃபிளை ஏறக்குறைய ஐந்து கிலோ கனத்தில் செய்கிறார்கள். பன்றி வேட்டைக்கு அதை நாள் முழுக்கச் சுமப்பது பெரும்பாடு. தோட்டா விலையும் அதிகம் என்பதால் பயிற்சி குறைந்துபோகும். உதைக்குப் பயந்து, விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் அப்படித்தான் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது.

இன்று நீங்கள் செய்யும் வேட்டைக்கு 9.3×74ஆர் மிகப் பொருத்தம். 286 கிரெய்ன் குண்டு, விநாடிக்கு 700 மீட்டரை ஒட்டிய வேகம். ரைஃபிளும் மூன்றரை கிலோ அளவில் அடங்கிவிடும். ஜெர்மனியின் மெர்க்கல், கிரீகாஃப், பிரான்சின் ஷாபுயி என்று நல்ல பெயர்கள் எல்லாம் இந்தத் தோட்டாவுக்கு ரைஃபிள் செய்திருக்கின்றன. ஒரே தடை, பல ஆப்பிரிக்க நாடுகளில் காட்டெருமைக்கு .375 அங்குலக் குண்டுதான் குறைந்தபட்ச அளவு, 9.3 மில்லிமீட்டர் அதற்குச் சற்றுக் குறைவு. இரண்டுக்கும் ஒரே ரைஃபிள்தான் என்றால் என் தேர்வு .450/400, மூன்று அங்குலத் தோட்டா. 400 கிரெய்ன் குண்டு காட்டெருமைக்குப் போதும். உதை .470ஐவிட நன்றாகவே குறைவு.

எதை வாங்கினாலும் அடியில் விளிம்புள்ள தோட்டாவுக்கான ரைஃபிளாகப் பாருங்கள். மடக்கித் திறக்கும் துப்பாக்கியில் காலிக்கூட்டை வெளியே தள்ள அந்த விளிம்பே பிடிமானம். விளிம்பில்லாத தோட்டாவுக்கு ஒரு சின்ன ஸ்பிரிங் கொக்கி போய்ப் பள்ளத்தில் விழுந்தாக வேண்டும். தூசியும் அவசரமும் சேரும் நேரத்தில் அது ஏமாற்றலாம்.

கேள்வி: விற்பவர்கள் எல்லோரும் “ரெகுலேஷன்” என்று சொல்கிறார்கள். அளவு சரியாக இருக்கும் எந்தத் தோட்டாவையும் போட்டுச் சுட முடியாதா?

பதில்: வெடிக்கும், ஆனால் இரண்டு குழலும் ஒரே இடத்தில் போடாது. விலை கொடுத்து வாங்குகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

வலது குழல் வெடிக்கும்போது ரைஃபிள் பின்னால் மட்டும் உதைப்பதில்லை. மேலே எழும்பி, கொஞ்சம் வலப்பக்கமும் திரும்பும். இடது குழல் இடப்பக்கம் திருப்பும். குண்டு குழலைவிட்டு வெளியேறும் முன்பே இந்தத் திருப்பம் தொடங்கிவிடுகிறது. அதனால் குழல்களை நேர் இணையாக வைத்துப் பற்றவைத்தால் குண்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகும். அதை ஈடுகட்டத்தான் குழல்வாய்கள் ஒன்றையொன்று நெருங்கும்படி சற்றே சாய்த்துச் சேர்க்கிறார்கள். பழைய முறையில் வாய்ப்பக்கம் இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு ஆப்பு இருக்கும். கைதேர்ந்த தொழிலாளி சுட்டுப் பார்ப்பார், ஈயப்பற்றை இளக்கி ஆப்பை மயிரிழை நகர்த்துவார், ஆறியதும் மறுபடி சுடுவார். நான்கு குண்டும் ஓரிடத்தில் விழும்வரை இதே வேலைதான். இதைத்தான் “ரெகுலேஷன்” என்கிறார்கள். இரட்டைக்குழல் ரைஃபிளின் விலையில் கணிசமான பங்கு இந்தப் பொறுமைக்கான கூலி.

இவ்வளவும் ஒரு குறிப்பிட்ட குண்டு எடைக்கும் வேகத்துக்கும் கணக்கிட்டுச் செய்வது. அதைவிட மெதுவான தோட்டாவைப் போட்டால் குண்டு குழலுக்குள் கூடுதல் நேரம் இருக்கிறது, குழல் கூடுதலாகத் திரும்புகிறது, வலது குண்டு வலப்பக்கமும் இடது குண்டு இடப்பக்கமும் ஒதுங்குகின்றன. வேகமான தோட்டா என்றால் எதிர்மாறாக ஒன்றையொன்று குறுக்கே கடந்துவிடும்.

ஆகவே ரைஃபிளோடு வரும் சோதனைத் தாளைக் கேட்டு வாங்குங்கள். எந்த நிறுவனத் தோட்டா, எத்தனை கிரெய்ன், எத்தனை மீட்டர் தூரம் என்று மூன்றும் அதில் எழுதியிருக்க வேண்டும். அதே தோட்டாவை வாங்கி நீங்களும் சுடுங்கள். மேசைமேல் ரைஃபிளை நேரடியாகக் கிடத்த வேண்டாம். முன்கட்டையைக் கையில் பிடித்து, அந்தக் கையை மணல்மூட்டைமேல் வையுங்கள். முதலில் வலது, சில விநாடிக்குள் இடது. பிறகு திறந்து குழல்களை நன்றாக ஆறவிட்டு மறுபடி வலது, இடது. ஒவ்வொரு துளைக்கும் பக்கத்தில் பேனாவால் “வ”, “இ” என்று உடனுக்குடன் குறித்துவிடுங்கள். 50 மீட்டரில் நான்கும் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்து, வலது குழலின் துளைகள் வலப்பக்கமாகவும் இடது குழலுடையவை இடப்பக்கமாகவும் இருந்தால் அது நல்ல ரைஃபிள். “வ” எல்லாம் இடப்பக்கம் போயிருந்தால் குழல்கள் கடக்கின்றன. அங்கே பக்கம் மாறியது 100 மீட்டரில் இன்னும் அகலும்.

கேள்வி: இப்போதைக்கு ரைஃபிளை மட்டும் வாங்கிவிட்டு, ஸ்கோப்பையும் அதைப் பொருத்தும் மவுண்டையும் அடுத்த வருடம் மாட்டிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். எந்த மவுண்ட் நல்லது?

பதில்: அடுத்த வருடம் என்று தள்ளிப்போட வேண்டாம். ஸ்கோப்பும் மவுண்டும் சேர்ந்தால் அரை கிலோவுக்கு மேல் கூடும். ரைஃபிளின் கனம் கூடினால், வெடிக்கும்போது குழல் திரும்புவது குறையும். கண்ணாடி இல்லாத திறந்த குறியில் நன்றாகச் சுட்ட ரைஃபிள் ஸ்கோப் ஏறியதும் குறுக்கே கடக்க ஆரம்பிப்பது இதனால்தான். ஸ்கோப்பின் திருகுகளைத் திருப்பிச் சரிசெய்யலாம் என்று நினைக்காதீர்கள். திருகு இரண்டு குழல்களின் துளைகளையும் சேர்த்தே நகர்த்தும், ஒன்றை மற்றொன்றின் பக்கம் கொண்டுவராது. ஸ்கோப் வைத்துத்தான் பெரும்பாலும் சுடப்போகிறீர்கள் என்றால், அதே ஸ்கோப்பை மாட்டிய நிலையில் ரெகுலேட் செய்து தரும்படி வாங்கும்போதே கேளுங்கள். வாய்ப்பக்க ஆப்பைத் திருகால் நகர்த்தும் வசதியுள்ள ரைஃபிள்களும் வருகின்றன. ஸ்கோப் பிரியர்களுக்கு அவை ஏற்றவை.

மவுண்ட் எதுவானாலும் கையாலேயே கழற்றும் வகையாக இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மழைத்துளி கண்ணாடியில் படியும்போதும், புதருக்குள் பத்து மீட்டரில் விலங்கு நிற்கும்போதும் திறந்த குறி கண்முன் வந்தாக வேண்டும். ஜெர்மானியர்களின் கொக்கி மவுண்டில் அடிப்பாகத்தின் பள்ளங்களில் கொக்கிகள் போய் உட்காரும். தாழ்வானது, அழகானது, கழற்றினால் குழல்மேல் எதுவும் துருத்தாது. ஆனால் ஒவ்வொரு கொக்கியையும் கையால் அரமிட்டுப் பொருத்த வேண்டும், அந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள், கூலியும் அதிகம். முன்முனையை அச்சாக வைத்துப் பக்கவாட்டில் திருப்பிப் பூட்டும் மவுண்ட் அடுத்த நல்ல தேர்வு. நெம்புகோல் வைத்து இறுக்கும் வளையங்கள் விலை குறைவு. தரமான நிறுவனத்துடையது என்றால் அவையும் போதும். எதை மாட்டினாலும் கழற்றி மாட்டி, மறுபடி கழற்றி மாட்டி, இடையிடையே சுட்டுப் பாருங்கள். துளைகள் இடம் மாறினால் வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். குழல்மேல் புதிதாகத் துளைபோடுவதும் பற்றவைப்பதும் இரட்டைக்குழலில் பழகியவர் கைக்கு மட்டும். அங்கே சூடு மிஞ்சினால் குழல்களைச் சேர்த்து வைத்திருக்கும் பற்றே இளகிவிடும்.

ஸ்கோப்பில் 1–4 அல்லது 1–6 மடங்கு போதும். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் ஒன்பது சென்டிமீட்டர் இடைவெளியாவது கிடைக்க வேண்டும், இல்லையென்றால் புருவம் கிழியும். மாட்டியபின் துப்பாக்கியை மடக்கித் திறந்து, தோட்டாவை உள்ளே விட்டுப் பாருங்கள். ஸ்கோப்பின் பின்பகுதி விரல்களை மறித்தால் அவசரத்தில் தோட்டா மாற்ற முடியாது. இன்னொன்று, இந்த ரைஃபிள்களின் தோளில் வைக்கும் கட்டை பெரும்பாலும் திறந்த குறிக்காகத் தாழ்த்திச் செய்தது. ஸ்கோப் வழியே பார்க்கக் கன்னத்தைத் தூக்கினால் கட்டை எழும்பி வந்து கன்னத்தில் அறையும். வாங்கும்போதே கட்டையை இரண்டு பார்வைக்கும் இடைநிலையாக அமைக்கச் சொல்லுங்கள். கட்டையை மாற்ற மனமில்லை என்றால் சின்ன செம்புள்ளிக் குறியை (ரெட் டாட்) யோசியுங்கள். சிறியவை முப்பது நாற்பது கிராம்தான், கண் இடைவெளித் தொல்லை கிடையாது, ரெகுலேஷனையும் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. முதல் ரைஃபிளுக்கு நான் பெரும்பாலும் இதையே சொல்வேன்.

கேள்வி: ஒற்றை விசையா, இரட்டை விசையா?

பதில்: இரட்டை. ஒரு பக்கப் பொறி பழுதானாலும் மறுபக்கம் தனி விசையோடு தயாராக இருக்கும். முன்விசை வலது குழல், பின்விசை இடது. முன்விசையை இழுக்கும்போது இன்னொரு விரல் பின்விசைமேல் கிடந்தால் உதையில் இரண்டும் சேர்ந்து வெடிக்கும், கவனம்.

கேள்வி: பழைய ஆங்கிலேய ரைஃபிள் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: குழலின் அடியில் இருக்கும் முத்திரையை முதலில் படியுங்கள். “கார்டைட் 75, குண்டு 500” என்பதுபோல் எடைகள் பொறித்திருக்கும். அந்தக் காலக் கார்டைட் மருந்துக்கான அளவு அது. இன்றைய மருந்தை அதே எடைக்குப் போடுவது ஆபத்து. முழுக்கச் செம்பிலோ பித்தளையிலோ கடைந்த இக்கால குண்டுகளும் பழைய மெல்லிய குழல்களுக்கு ஆகாது.

பிறகு முன்கட்டையைக் கழற்றிவிட்டு, மூடிய துப்பாக்கியைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். முன்கட்டையின் ஸ்பிரிங் தளர்வை மறைத்துவிடும், அதனால்தான் கழற்றச் சொல்கிறேன். குழல்களைத் தனியே எடுத்து, கொக்கிப் பக்கத்தில் தொங்கவிட்டு விரல்முட்டியால் தட்டுங்கள். கணீரென்று ஒலிக்க வேண்டும். கரகரத்தால் குழல்களுக்கு நடுவிலுள்ள பட்டையின் பற்று எங்கோ விட்டிருக்கிறது. இதையெல்லாம் தாண்டினாலும், இரட்டைக்குழல் பழக்கமுள்ள துப்பாக்கி நிபுணர் ஒருவரிடம் காட்டி, “வ”, “இ” குறித்த தாள் ஒன்று உங்கள் கையில் வந்தபிறகே பணத்தைக் கொடுங்கள். சுட்டுப் பார்க்க விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த ரைஃபிள் வேண்டாம்.