முதல் தடை ஓட்டத்துக்குப் பிடிவலு ஏன் முக்கியம்?

ஓடிக்கொண்டே சுவர் ஏறி, கம்பியில் தொங்கி, மூட்டை சுமந்து கடப்பதுதான் தடை ஓட்டம். புதியவர்கள் பலரை மடக்குவது மூச்சு அல்ல, கை நழுவுவது. விரல்களை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. இறுகப் பிடித்தபடியே இருந்தால் அவற்றில் ரத்த ஓட்டம் குறைந்து சீக்கிரம் களைத்துவிடும். நிரம்பிய வாளியைத் தூக்கி நடந்தால் காலுக்கு முன் விரல்கள் எரிகின்றன அல்லவா, அதேதான்.

வாரம் 2 நாள், கம்பியில் 15 விநாடி தொங்கி 1 நிமிடம் ஓய்வு. இப்படி 4 முறை. வாரத்துக்கு 5 விநாடி கூட்டுங்கள். 30 விநாடி கைகூடியதும் 400 மீட்டர் ஓடிய கையோடு தொங்கிப் பாருங்கள், பந்தயத்தின் நிஜம் அப்போதுதான் புரியும். முழங்கை உட்புறம் வலித்தால் நிறுத்திவிடுங்கள். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள், தசையைவிட மெதுவாகவே பழகும்.

புல்-அப் (கம்பியில் தொங்கி உடலை மேலே இழுப்பது) வராவிட்டால், தடைகளில் ஒன்றான கயிறு ஏறுதல் முடியவே முடியாது என்பது தவறு: பாதங்களால் கயிற்றைப் பூட்டி எழுந்து நின்றால், பெரும்பங்கு வேலை கால்களுடையது.