தாத்தாவின் ஒமேகாவுக்குப் புது டயல் வேண்டுமா?

தருமபுரி வாசகர் ஒருவரின் கேள்வி: 1960களில் தாத்தா வாங்கிய, எஃகு கேஸ் கொண்ட, கை அசைவிலேயே சாவி ஏறும் ஒமேகா கான்ஸ்டலேஷன் ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரம் என்னிடம் உள்ளது. நாளொன்றுக்குப் பத்து நிமிடம் பின்தங்குகிறது. டயலிலும் புள்ளிகள் விழுந்துள்ளன. டயலுக்கு வண்ணம் அடித்து, கேஸையும் பாலிஷ் போட்டுத் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். நேரம் பின்தங்குவதற்குப் பெரும்பாலும் உள்ளே உலர்ந்து கெட்டியான எண்ணெயே காரணம். எந்திரத்தை முழுவதும் பிரித்துக் கழுவி, புது எண்ணெய் இட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கான்ஸ்டலேஷன் வரிசை 1952இல் அறிமுகமானது. பின்மூடியில் வானாய்வுக்கூடமும் அதன்மேல் 8 நட்சத்திரங்களும் புடைப்பாகத் தெரிகின்றன அல்லவா? வானாய்வுக்கூடங்கள் நடத்திய துல்லியப் போட்டிகளில் ஒமேகா பெற்ற வெற்றிகளின் அடையாளம் அது. நீங்கள் அனுப்பிய படத்தில் உள்ள டயல், கவிழ்த்து வைத்த தட்டைப் போல நடுவில் சமமாக இருந்து, ஓரத்தில் 12 பட்டைகளாகச் சரிந்து இறங்குகிறது. இந்த வடிவமைப்பின் உயிரே அந்தப் பட்டைகளின் கூர்மைதான். கடிகாரத்தைச் சற்றே சாய்த்தால் ஒவ்வொரு பட்டையும் ஒளியை வெவ்வேறு விதமாக வாங்கும். பழைய பூச்சைச் சுரண்டிவிட்டு வண்ணம் அடிக்கும்போது அந்த விளிம்புகள் மழுங்கும்; நிமிடக் கோடுகள் தடிக்கும்; 6 மணிக்குக் கீழே உள்ள ‘ஸ்விஸ் மேட்’ என்னும் நுண்ணெழுத்து கோணலாகும் அல்லது மறைந்தே போகும். சேகரிப்பாளர்கள் லென்ஸை வைத்ததும் முதலில் பார்ப்பது இவற்றைத்தான். வயதின் புள்ளிகளை அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், மறுவண்ணத்தைப் பொறுப்பதில்லை.

பாலிஷ் என்பது எஃகைத் தேய்த்து எடுப்பதே. வார் கோக்கும் கால்களில் உள்ள கூரிய விளிம்பு ஒருமுறை உருண்டுவிட்டால், இழந்த உலோகம் திரும்பி வராது.

ஓசூரில் 1980களில் டைட்டன் ஆலை வந்து, பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரங்கள் பரவிய பின், பழைய ஆட்டோமேட்டிக் எந்திரத்தைப் பிரித்துக் கழுவும் கைகள் நம் பக்கம் அருகிவிட்டன. ஆகவே அவசரப்படாமல், இவ்வகைக் கடிகாரங்களைத் தொடர்ந்து பார்ப்பவரைத் தேடுங்கள். பெங்களூரு வரை போக நேர்ந்தாலும் தகும். ‘டயலைத் தொடக் கூடாது, பாலிஷ் கூடாது, கழற்றிய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும்’ என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். கண்ணாடியையும் மாற்றச் சொல்லாதீர்கள். அதன் நட்டநடுவில் ஊசிமுனை அளவில் ஒமேகா சின்னம் பொறித்திருந்தால் அது பெரும்பாலும் நிறுவனத்தின் கண்ணாடியேதான். மேற்கீறல்களை மட்டும் மென்மையாகத் தேய்த்து நீக்கலாம்.